கட்டளை வரியில் வரும் சொற்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சி மொழியில் எழுதப்பட்ட செய்நிரல் இயங்கத் தொடங்கும்போதே தனக்கு வேண்டிய தகவல்களைப் பயனரிடமிருந்து பெறுவதற்குரிய வழிகளுள் ஒன்று கட்டளை வரி உள்ளீடு ஆகும். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் போன்ற முயற்சிகளால் ஈழத்துத் தமிழ் ஆவணங்கள் பெருந்தொகையான கோப்புகளாகத் திரண்டுவரும் இக்காலத்தில், ஒரு கோப்பின் பெயரைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் அதைத் திருத்தி மீண்டும் தொகுக்க நேரிடும். பெயரைக் கட்டளை வரியிலிருந்து பெறும் செய்நிரலோ ஒருமுறை தொகுக்கப்பட்டால் எல்லாக் கோப்புகளுக்கும் உதவும்.

'தேடு யாழ்ப்பாணம் சுவடி 20' என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். சுவடி என்னும் கோப்பில் யாழ்ப்பாணம் என்ற சொல் வரும் முதல் 20 வரிகளைக் காட்டுவது அதன் நோக்கம். கட்டளையை வாங்கும் ஷெல், அவ்வரியை இடைவெளிகளில் பிரிக்க, பிரிந்த சொற்கள் மெயின் என்னும் தொடக்கச் சார்பை இரண்டு பரமானங்களாக வந்தடைகின்றன. சொற்களின் எண்ணிக்கையைத் தரும் முழுவெண் ஆர்க்சி. இங்கு அதன் பெறுமானம் 4. சொற்களைச் சுட்டும் சுட்டிகளின் அணி ஆர்க்வி; அதன் 0ஆம் இடத்தில் செய்நிரலின் பெயரும், 1 முதல் 3 வரையான இடங்களில் ஏனைய சொற்களும், 4ஆம் இடத்தில் எதனையும் சுட்டாத வெற்றுச் சுட்டியும் இருக்கும். 'பருத்தித்துறை வீதி' என இடைவெளியுள்ள பெயரைத் தேட வேண்டுமாயின் அதனை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இன்றேல் அது இரு சொற்களாகப் பிரிந்து, கோப்பின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'வீதி' வந்து நிற்கும்.

ஆகவே, எந்தச் சொல்லையும் தொடுவதற்கு முன் எண்ணிக்கையைச் சோதிப்பதே முதற்கடமை. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் பிகேஎக்ஸெக் என்ற செய்நிரல், ஆர்க்சி 0 ஆகவும் இருக்கக்கூடும் என்பதைக் கருதாமல் 1ஆம் இடத்தை வாசித்தது. 2009 முதல் அதில் இருந்துவந்த அப்பிழை, சாதாரணப் பயனர் ஒருவர் முழு நிர்வாக அதிகாரத்தையும் கைப்பற்ற இடமளித்தது என்பது 2022 ஜனவரியில் வெளியாகியது.

இரண்டாவது கடமை எண்ணைச் சோதிப்பது. கட்டளை வரியில் 20 என்பதும் எழுத்துச் சரமே. அதை எண்ணாக மாற்றும் ஏடுஐ என்ற சார்பு, 'இருபது' என்று எழுதப்பட்டாலும் 0 என்றே விடைதருவதால், தவறான உள்ளீட்டையும் உண்மையான 0ஐயும் வேறுபடுத்த முடியாது. ஸ்டர்டோல் என்ற சார்போ மாற்றம் எந்த எழுத்தில் நின்றது என்பதையும் அறிவிப்பதால், '20அ' போன்ற பிழைகளைக் கண்டு மறுக்கலாம்.

மூன்றாவது, தமிழில் எழுதுவோர் தவறாது அறியவேண்டியது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் யாழ்ப்பாணம் என்ற சொல் நாம் எண்ணும்போது 6 எழுத்து, யுனிகோட் குறிகளாக 11, பைட்டுகளாக 33. நீளத்தை அளக்கும் ஸ்டர்லென் சார்பு 33 என்றே கூறும். இடம் போதாதென்று 10 பைட்டுகளுடன் சொல்லை வெட்டும் செய்நிரல், ழகரத்தின் புள்ளியை நடுவே உடைத்து, 'யாழ' என்பதையும் பொருளற்ற ஒரு பைட்டையும் மிச்சம் விடும். எனவே உள்ளீட்டின் நீளத்தை முன்கூட்டி ஊகித்துச் சிறிய இடம் ஒதுக்காமல், வந்த சரத்தை அளந்து, முடிவைக் குறிக்கும் பூச்சியப் பைட்டுக்கும் சேர்த்து இடம் ஒதுக்குதல் வேண்டும்.

உள்ளீடு பிழையெனில், கட்டளை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வழுச்செய்தித் தடத்தில் தெளிந்த தமிழில் எழுதி, 0 அல்லாத பெறுமானத்துடன் செய்நிரலை முடித்தல் முறை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் சோதித்த பின்னரே நம்பும் பழக்கத்தை நீர் எழுதும் முதற் செய்நிரலிலேயே தொடங்கும். உமது செய்நிரலைப் பயன்படுத்துவோர்க்குச் செய்யும் மரியாதையும் அதுவே.

அன்புடன்,
உமது ஆசிரியர்