இருட்டறைக்கு ஒரு தொட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

பதுளைக் கடையொன்றில் சமையலறை சிங்க் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், இருட்டறைக்கு அது போதுமா என்றும் கேட்டிருந்தாய். போதாது. பணத்தைக் கொடுத்துவிடாதே.

சமையலறை சிங்க் குறுகலும் ஆழமுமாக இருக்கும். உனக்கு நீளம் வேண்டும், ஆழம் அவ்வளவு வேண்டாம். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் படம் போடுவதற்கு டெவலப்பர், ஸ்டொப் பாத், ஃபிக்சர் என்று மூன்று தட்டுகளை வரிசையாக வைக்க வேண்டும். கழுவும் தட்டு நான்காவது. ஒவ்வொன்றும் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவாக இடம் பிடிக்கும். கை புழங்க இடைவெளியும் சேர்த்தால் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், ஆறு அங்குல ஆழம். இந்த அளவில் கடையில் ஆயத்தமாகக் கிடைக்காது. செய்விக்கத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் லயத்துக்கு முன்னால் ஓடும் கான் எங்கே போகிறது என்று நடந்து போய்ப் பார். கீழ் லயத்துப் பிள்ளைகள் அதன் ஓரத்தில் விளையாடுவார்கள். அதற்கும் கீழே யாராவது மரக்கறி போட்டிருப்பார்கள். கடைசியில் அது பதுளு ஓயாவில் விழும், ஓயா மகாவலியில் சேரும். தண்ணீருக்காகத்தான் தொட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீரை வாளியில்கூடக் கொண்டுவந்துவிடலாம். சிந்துவதை எல்லாம் பிடித்து, நீ தீர்மானித்த இடத்துக்கு அனுப்புவதற்குத்தான் தொட்டி. ஆகவே குழாயை எங்கே பூட்டுவது என்று யோசிக்கும் முன், கழிவு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்.

டெவலப்பரையும் ஸ்டொப் பாத்தையும்விட ஃபிக்சர்தான் கவனமாகக் கையாள வேண்டியது. தாளில் ஒளி படாத இடத்து வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பது அதுதான். பாவித்து முடிந்த ஃபிக்சரில் லீற்றருக்குச் சில கிராம் வெள்ளி கரைந்திருக்கும். அந்த வெள்ளி மீனுக்கும் நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. எனவே பாவித்த ஃபிக்சரைத் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது. தட்டிலிருந்து புனல் வைத்து நேராக ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்று. ஃபிக்சரிலிருந்து எடுத்த தாளை முதலில் அலசும் தண்ணீரையும் அதே கேனில் சேர். தாளோடு ஒட்டி வரும் வெள்ளியில் பெரும்பகுதி அந்த முதல் தண்ணீரில்தான் இறங்கும். கேனுக்குள் இரும்பு நாரைப் போட்டு, மூடியை இறுக்காமல், காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்தால், இரும்பு கரைந்து வெள்ளி கறுப்பு வண்டலாகப் படியும். துருப்பிடிக்காத வகை நார் இதற்கு உதவாது. வண்டல் இறங்கிய பிறகும் மிச்சத் திரவத்தைப் பீலிப் பக்கமோ கானிலோ ஊற்றாதே. கேனில் பெயர் எழுதி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வை. வெள்ளி பிரித்தெடுக்கும் ஆட்கள் யாராவது உண்டா என்று பதுளை ஸ்டூடியோக்களில் விசாரி.

இனித் தொட்டியைச் சொல்கிறேன். கல்வனைஸ் தகரம் மலிவுதான், ஆனால் அதன் நாகப் பூச்சை ஃபிக்சர் தின்றுவிடும். சீமெந்துத் தொட்டியை ஸ்டொப் பாத்தின் அமிலம் அரிக்கும், கறையும் போகாது. துருப்பிடிக்காத எஃகில் 304 ரகம் தாங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அலசாமல் ஃபிக்சரைக் காயவிட்டால் புள்ளி புள்ளியாக அரிபடும். 316 ரகம் நல்லது, விலைதான் உன் கைக்கு எட்டாது.

உனக்கு ஏற்றது மரைன் பிளைவுட், 18 மில்லிமீற்றர் கனம். சவுக்குப் பலகை தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது என்று தச்சு பாஸ் சொல்லக்கூடும். அதைக் காலுக்கும் சட்டத்துக்கும் வைத்துக்கொள். தொட்டியின் உடம்புக்கு வேண்டாம், ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். மூட்டுகளை நீர் புகாத பசையும் ஸ்குரூவும் கொண்டு இறுக்கி, உள்மூலைகளை வளைவாக நிரப்பி, மேலே ஃபைபர்கிளாஸ் துணியை ரெசினில் தோய்த்து இரண்டு படை ஒட்டச் சொல். வாகனங்களுக்கு ஃபைபர் வேலை செய்பவர்களுக்கு இது கைவந்த வேலை. வாடை தலையைச் சுற்றும். வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அடித்தளம் அடிக்குக் கால் அங்குலம் வீதம் ஒரு பக்கம் சரிய வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றேகால் அங்குலம். சரிந்த தளத்தில் தட்டுகளும் சரியுமே என்பாய். சரிவுக்கு ஏற்றபடி சீவிய மரச் சட்டங்களை அடியில் போட்டால் தட்டுகள் மட்டமாக நிற்கும், தண்ணீரும் கீழால் ஓடும். வடிகாலுக்கு ஒன்றரை அங்குல எஸ்-லோன் குழாய் போதும். உலோகக் குழாய் வேண்டாம். வீட்டுக்குள் வடிகால் இல்லையென்றால் குழாயின் முனையை ஒரு பெரிய வாளிக்குள் விடு. தட்டின் விளிம்பு உன் இடுப்புக்குச் சற்று மேலே வரட்டும். இரண்டு மணித்தியாலம் குனிந்து நின்றால் முதுகு சொல்லும். என்லார்ஜரை எதிர்ச் சுவரோரம் வை. ஈரக் கையோடு அதன் சுவிட்சைத் தொடாதே. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று உன் அப்பா கேட்பார். நம் மலைக்கும் ஒளிப்படத்துக்கும் பழைய தொடர்பு உண்டு என்று அவரிடம் சொல். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் நாட்டின் காட்சிகளைத் தபால் அட்டைகளாக அச்சிட்டு விற்றது. கொழுந்து பறிக்கும் நம் பெண்களின் முகங்கள் அப்படித்தான் கடல் கடந்து போயின. எடுத்தவர் வேறு, கழுவியவர் வேறு, விற்றவர் வேறு. படத்தில் நிற்பவருக்கு ஒரு பிரதிகூட வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். உன் ஆச்சியின் முகத்தை நீயே எடுத்து, நீயே கழுவி, அவர் கையில் கொடுக்கப் போகிறாய். இதற்கு ஐந்தடி இடம் கேட்பது அதிகமில்லை.

தண்ணீர் விஷயத்தில் உனக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. டெவலப்பருக்கு 20 பாகை செல்சியஸ் வேண்டும். கொழும்பில் இருப்பவர்கள் அதற்கு ஐஸ் தேட வேண்டும். உங்கள் மலையில் விடியற்காலைப் பீலித் தண்ணீர் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருக்கும். ஆனால் கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும், பீலியில் நீர் மெலியும். அந்த மாதங்களில் ஃபைபர் தாளைத் தொடாதே, அதைக் கழுவ ஒரு மணித்தியாலம் நீர் ஓட வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஃபிலிமுக்கு இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறை இருக்கிறது: டாங்கியை நிரப்பி ஐந்து தரம் கவிழ்த்து ஊற்று, மறுபடி நிரப்பிப் பத்து தரம், பிறகு இருபது தரம். மூன்று நிரப்புத் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். மாரியில் தண்ணீர் கலங்கி வந்தால் முதல் நாளே பிடித்துத் தெளியவிட்டு, துணியில் வடித்துக்கொள்.

தச்சு பாஸிடம் போகும் முன் அறையின் அளவையும் கதவின் அகலத்தையும் எழுதி அனுப்பு. திரும்ப இடமில்லாத வாசல் என்றால் ஐந்தடித் தொட்டி உள்ளே போகாது, அறைக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மாமா