நிலத்துக்கும் ரஸ்தாவுக்கும் ஒரே ஜீப்பு: ஆலையில் வந்தபடி வாங்குவதா, மாற்றியமைத்ததை வாங்குவதா?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பூமி முன்னாளில் பெரும்பாலும் ஏரிப்பாசன நஞ்சையும் மானாவாரிப் புஞ்சையுமாகவே இருந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும், 2012-ல் அதே ஒரகடத்தில் டெய்ம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. எஞ்சிய நிலங்களில் பயிர் செய்யும் மிராசுதாரர், இன்று வீட்டுவாசலில் லாரிகள் ஓடும் அகன்ற சாலையையும், கொல்லைப்புறத்தில் பழைய ஏரிக்கரையையும் களிமண் வண்டிப்பாதையையும் உடையவராயிருக்கிறார். விதை, உரம், மோட்டார் பம்பு, கூலியாட்கள் ஆகியவற்றை இவ்விரண்டு வழிகளிலும் ஏற்றிச் செல்ல நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் ஜீப்பு ஒன்று வேண்டுமென்று பலர் கருதுவது நியாயமே.

அவ்வாறு வாங்கப் போகுமிடத்தில் இரண்டு விதமான வண்டிகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, ஆலையிலிருந்து வந்தபடியே உள்ளது. மற்றொன்று, முன் சொந்தக்காரரால் பட்டறையில் உயர்த்தப்பட்டு, பெரிய டயரும் இரும்புத் தடுப்பும் விளக்கு வரிசையும் பூட்டப்பெற்றது. ஹரியானா மாநிலத்து மண்டி டப்வாலி என்னும் ஊர் இவ்விதம் ஜீப்புகளைத் திருத்துவதற்கே பெயர் பெற்றது. நம் பக்கத்துப் பட்டறைகளிலும் இவ்வேலை நடைபெறுகின்றது. இரண்டாவது வகையில், செலவை முன்னவரே செய்துவிட்டபடியால் நமக்கு லாபம் என்று தோன்றும். அந்த லாபம் மெய்யானதா என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

ஆலையில் வந்த வண்டி என்பது வெறும் இரும்புக் கூட்டமன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஒரு புது மாதிரி வண்டி விற்பனைக்கு வருமுன் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்றில் பரீக்ஷிக்கப்பட வேண்டும். அத்தகைய மத்திய சர்க்கார் நிலையங்களில் ஒன்று நம் ஒரகடத்திலேயே இருக்கின்றது. 2020-ல் வந்த மஹீந்திரா ‘தார்’ வண்டியை உருவாக்கிய ஆராய்ச்சிச் சாலையும் செங்கற்பட்டுக்கு அருகில் மஹீந்திரா உலக நகரத்தில்தான் உள்ளது. பிரேக்கு எத்தனை கஜத்தில் நிறுத்தும், திருப்பத்தில் வண்டி எம்மட்டும் சாயும், எவ்வளவு தண்ணீரில் இறங்கலாம் என்பவை அச்சோதனைகளின் முடிவாகக் கிடைத்தவை. பட்டறையில் ஒரு பாகத்தை மாற்றியவுடன் அம்முடிவுகளில் சில செல்லாதவையாகின்றன. புதிய முடிவுகளை எவரும் கண்டு சொல்வதில்லை.

டயரை எடுத்துக்கொள்வோம். தார் வண்டியின் ஒரு வகைக்கு 245/75 ஆர் 16 என்னும் டயர் அளிக்கப்பட்டது. அதன் குறுக்களவு ஏறக்குறைய 774 மில்லிமீட்டர். அதை நீக்கி 33 அங்குல டயர் பூட்டினால் குறுக்களவு 838 மில்லிமீட்டராகும். இதனால் அச்சின் அடிப்பாகம் தரையிலிருந்து 32 மில்லிமீட்டர் உயரும். கல்லிலும் கட்டையிலும் இடிபடாமல் போவதற்கு இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 100-க்கு 8 பங்கு அதிக தூரம் ஓடுகின்றது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 65 மைல்கற் கணக்கிலோ கிலோமீட்டர்க் கணக்கிலோ ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சினின் இழுப்பும் அதே விகிதத்தில் குறைந்து, பாரத்துடன் கரையேறும்போது கிளட்சைத் தேய்க்கும். பிரேக்குக்கும் வேலை கூடும். வாங்குபவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று: அந்த டயருடன் முழுதும் ஓடிய வண்டி 60,000 கிலோமீட்டர் என்று காட்டினால், உண்மையில் ஓடியது 65,000. விற்பவர் பொய் சொல்லவில்லை, மானிதான் சொல்கின்றது.

உயர்த்துதல் இதனினும் யோசிக்கத்தக்கது. வில்லையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி உயர்த்தும்போது உடல் உயர்கின்றதேயன்றி, ஒரே கட்டையான பின் அச்சு உயர்வதில்லை. அது டயர் பெரிதானால்தான் உயரும். பலர் இதை அறியாமல் பணம் கொடுக்கின்றனர். 2020 தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியே தொங்குபவை. அங்கே உயர்த்தினால் சக்கரத்துக்குச் செல்லும் தண்டின் மூட்டு அதிகக் கோணத்தில் வளைந்து, அதன் ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து மூட்டு கெடும்.

ஏரிக்கரையில் ஓட்டுபவருக்கு உயிர்ப் பிரச்னையும் இதில் இருக்கின்றது. உதாரணத்துக்கு, இடது வலது சக்கரங்களுக்கிடையே 150 சென்டிமீட்டர் அகலமும், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் பார மையமும் உள்ள வண்டி ஒன்றை எண்ணிக்கொள்வோம். அசையாமல் நிற்கையில் அது 45 பாகை சாயும் வரை கவிழாது. பார மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 41 பாகையிலேயே கவிழும். கூரைமேல் நான்கு உரமூட்டைகளை ஏற்றினால் அதுவும் இராது. ஓடும்போது, கரைச் சரிவில் ஒரு பக்கத்துச் சக்கரம் எலிவளையிலோ மழையறுப்பிலோ இறங்கினால், காகிதத்தில் காணும் பாகைகளில் பாதிகூட மிஞ்சாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டர், அதாவது 2 அடிக்குச் சற்று மேற்பட்ட, தேங்கிய நீர்வரை இறங்கலாமென்று உற்பத்தியாளர் குறித்துள்ளனர். உயர்த்திய வண்டியில், மூச்சுக்குழாயைக் கூரைவரை ஏற்றிவிட்டால் 4 அடி நீரிலும் போகலாமென்று எண்ணுவாருண்டு. அக்குழாய் எஞ்சினுக்குள் நீர் புகாமல் காக்கும். ஓடும் வெள்ளம் வண்டியைத் தள்ளுவதைத் தடுக்காது. 2 அடி ஓட்ட நீர் பெரும்பாலான மோட்டார் வண்டிகளை, ஜீப்பு உள்பட, மிதக்கச் செய்து இழுத்துவிடும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியும் அடையாற்றுக் கரைகளும் கண்டதை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கிராம அதிகாரிகள் ஐப்பசிக்கு முன்பே தங்கள் எல்லையிலுள்ள தரைப்பாலங்களின் இருபுறமும் அளவுக்கம்பு நாட்டி, 1 அடிக் குறியில் சிவப்பு வர்ணம் பூசிவைப்பது நலம். ‘என் வண்டி உயரமானது’ என்று வாதிடுபவருக்கு அக்கம்பைக் காட்டினால் போதும்.

இங்கே ஒரு வார்த்தை. உழுது சேறாக்கிய நெல்வயலில் எந்த ஜீப்பும் ஓடாது. ஆலை வண்டியும் ஓடாது, ஐந்து லட்சம் செலவிட்டுத் திருத்தியதும் ஓடாது. அது கேஜ் வீல் பூட்டிய டிராக்டரின் வேலை. ஜீப்பு செல்ல வேண்டியது வயலின் கரைவரைதான். இதை ஒப்புக்கொண்டவருக்கு வேண்டிய சக்தி, ஆலையில் வரும் குறைவேகப் பல்சக்கரத்திலும், பின் சக்கரப் பூட்டு உள்ள வகைகளில் அப்பூட்டிலுமே அடங்கியிருப்பது விளங்கும். வழுக்கும் மணற்பாதையில் டயர்க் காற்றை 18 அல்லது 20 பவுண்டுக்கு இறக்கி மெதுவாக ஓட்டினால், பிடிப்பு எவ்வளவு கூடுகிறதென்பதை ஒருமுறை பார்த்தவர் வியப்படைவர். சாலைக்குத் திரும்பியதும் பழைய அளவுக்குக் காற்றேற்ற வேண்டும். இதற்குச் செலவு ஒரு கைப்பம்பு மாத்திரமே.

சட்டத்தின் நிலை யாதெனில், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டார் இதை உறுதி செய்தனர். அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், அனுமதியின்றி மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என விதித்துள்ளது. முன்புற இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு எழுதியிருந்தனர். மாற்றியவர் முன்னவராயினும், சாலையில் நிறுத்தப்பட்டு விளக்கம் சொல்ல வேண்டியவரும், பழைய நிலைக்குத் திருப்பச் செலவிட வேண்டியவரும் இன்று வண்டியை வைத்திருப்பவரே. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்து நஷ்டம் மறுக்கப்படவும் கூடும். அதில் பயணம் செய்த கூலியாட்களின் குடும்பத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலால், சாலையிலும் ஓட்ட வேண்டிய விவசாயிக்கு ஆலையில் வந்தபடியே உள்ள நான்கு சக்கர இயக்க வண்டியே தகுதியானது என்பது நமது அபிப்பிராயம். ஒரு மழைக்காலம் முழுதும் ஓட்டியபின், குறை எங்கே என்று கண்டு, முதலில் டயரின் வரித்தடத்தை மாத்திரம், அளவு மாறாமல், மாற்றிப் பார்க்கலாம். புதிது வாங்குபவர் தோற்றத்தைக் கண்டு ஏமாறாதிருக்க வேண்டும். 2023 ஜனவரி முதல், பின்சக்கர இயக்கம் மாத்திரமுள்ள தாரும் அதே உருவத்தில் விற்பனையாகின்றது. குறைந்த முதலில் பழையது தேடுவோர், 2014 முதல் ஒரகடத்தில் செய்யப்பட்ட நான்கு சக்கர இயக்க டஸ்டரையும் பார்க்கலாம். அதற்குக் குறைவேகப் பல்சக்கரப் பெட்டி தனியாக இல்லையாயினும் வண்டிப்பாதைக்குப் போதுமானது.

மாற்றியமைத்ததை வாங்கவே கூடாதா எனின், அப்படியுமன்று. கழற்றிய அசல் பாகங்களை விற்பவர் பத்திரமாக வைத்திருந்து வண்டியுடன் கொடுப்பாராயின், பட்டறை ரசீதுகளும் இருக்குமாயின், அசல் வண்டியின் விலையிலிருந்து திருப்பிப் பூட்டும் கூலியைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். திருத்தத்துக்கு அவர் செய்த செலவை நாம் தருவதற்கு நியாயமில்லை. அசல் பாகங்கள் இல்லையெனில் அவற்றின் கடைவிலையையும் கழிக்க வேண்டும். பெரும்பாலும் அத்துடன் பேரம் முறிந்துவிடும், அதுவும் நன்மையே.

பார்க்கச் செல்லும்போது வெயில் வேளையில், நம்முடைய மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு செல்ல வேண்டும். வண்டியைக் குழிமேல் நிறுத்தி, அடிச்சட்டத்தில் புதிய பற்றவைப்போ, ஒட்டுத் தகடோ, ஓரிடத்தில் மாத்திரம் புதுக் கறுப்பு வர்ணமோ உண்டா என்று பார்க்கவும். பின் அச்சு எண்ணெயைச் சிறிது இறக்கச் சொல்லவும்; பால்போல் வெளுத்திருந்தால் வண்டி ஆழ்ந்த நீரில் நின்றிருக்கின்றது. கூடுதல் விளக்குகளின் கம்பிகள் பியூஸ் வழியாகச் செல்கின்றனவா, நேரே பாட்டரியில் முறுக்கப்பட்டுள்ளனவா என்பதையும் காண்க. குறைவேகப் பல்சக்கரத்தைப் போட்டு நாமே ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். நெடுநாள் உபயோகிக்காத பெட்டி பிடிவாதம் செய்யும். பின்பு சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தைக் கடக்கையில் ஸ்டீரிங் நடுங்குகின்றதா என்று கவனிக்கவும். இச்சோதனைக்கு இணங்காதவரிடம் வாங்க வேண்டாம்.

சட்டத்தின்மேல் வெட்டியுள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றுடன் ஒத்திருக்க வேண்டும். போக்குவரத்து இலாகாவின் ‘பரிவாஹன்’ பதிவேட்டிலும் ஒப்பிடலாம். நான்கு சக்கர இயக்கம் பின்னால் பூட்டப்பட்ட வண்டியாயின், அது சான்றில் ஏறியுள்ளதா என்று முதலில் கேட்கவும். பாங்கிக் கடன் தீர்ந்த பத்திரம், நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றைக் கையில் பெற்ற பின்பே பணம் கொடுத்து, 29-ஆம், 30-ஆம் பாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுக்க வேண்டும்.