விடை கொடுக்கவும் பழக வேண்டும்

காரைக்கால்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராக் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் நடத்திய கடைசிக் கச்சேரியின் பதிவைப் பார்த்துவிட்டு விடுதியில் தோழிகளுக்குள் பெரிய வாக்குவாதம் என்று எழுதியிருந்தாய். ஒருத்தி அழுதாளாம். ஒருத்தி, "1992இலேயே இனிச் சுற்றுப்பயணம் இல்லை என்று சொன்னவர்தானே, எல்லாம் வியாபாரம்" என்றாளாம். இன்னொருத்தி, உட்கார்ந்தபடி பாடும் நிலை வந்த பிறகு மேடை எதற்கு என்றாளாம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய்.

ராக் இசை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன். எஸ். ஜானகி.

1938இல் ஆந்திரத்துக் குண்டூர்ப் பக்கம் பிறந்தவர். 1957இல் 'விதியின் விளையாட்டு' என்ற தமிழ்ப் படத்தில் பாடத் தொடங்கினார். ஆனால் நம் டெல்டாக்காரர்கள் அவரை வீட்டுப் பெண்ணாக ஏற்றுக்கொண்டது 1962இல், 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டுக்குப் பிறகுதான். ஆபேரி ராகம், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசை, கூடவே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். காருகுறிச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர் என்றாலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆகவே அந்த வாசிப்பு நம் காவிரிக்கரை வாசிப்பு.

நாதஸ்வரம் கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டில் நாலு தெரு தள்ளி நின்றாலும் கேட்கும். அதற்கு எதிரே மெல்லிய குரலுள்ள ஓர் இளம்பெண் நின்று, அது போகிற இடமெல்லாம் ஸ்வரம் ஸ்வரமாகத் தானும் போவது லேசான காரியமா? அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேள். நாதஸ்வரத்தின் பிருகா முடிகிற அதே இடத்திலிருந்து குரல் எடுக்கும். வேகம் கூடக் கூட ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விழும். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று தேடிப் பார், எளிதில் அகப்படாது. இலங்கை வானொலி கடல் தாண்டி நம் கரைக்குத் தெளிவாக வந்த காலத்தில் இந்தப் பாட்டு வந்தால் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலிருந்தும் கேட்கும்.

பிறகு வந்ததெல்லாம் உனக்கே தெரியும். '16 வயதினிலே', 'தேவர் மகன்' பாட்டுகளுக்குத் தேசிய விருது. மலையாளத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, ஆக மொத்தம் நான்கு. குழந்தைக் குரலிலும் பாடினார், கிழவிக் குரலிலும் பாடினார்.

2016 செப்டம்பரில் அவர் பாடுவதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. '10 கல்பனகள்' என்ற மலையாளப் படத்துக்குப் பாடிய தாலாட்டுதான் கடைசிப் பாட்டு என்றார். வயதாகிவிட்டது, போதும் என்பதுதான் காரணம். வேறு எந்த மனக்கசப்பையும் சொல்லவில்லை. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓய்வு என்ற செய்தி கைமாறிக் கைமாறி, அவர் இறந்துவிட்டார் என்றே பரவியது. உயிரோடிருக்கும் பாடகிக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதினார்கள். 2020 ஜூனிலும் அதே வதந்தி. எஸ்.பி. பாலசுப்ரமணியமே ஒரு காணொளியில் வந்து, அம்மா நலமாக இருக்கிறார், இப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பாடாத பாடகர் இல்லாத பாடகர் என்று நாம் எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம் பார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2017 அக்டோபர் 28 அன்று மைசூரு மானசகங்கோத்ரி திறந்தவெளி அரங்கில் விடைபெறும் கச்சேரி நடந்தது. எண்பதை நெருங்கும் வயதில் மேடையேறிப் பாடி, இனிப் பொதுமேடை இல்லை என்றார். அடுத்த ஆண்டே 'பண்ணாடி' என்ற தமிழ்ப் படத்துக்காக ஒரு பாட்டுப் பாட ஒப்புக்கொண்டார். உடனே, "அப்போது சொன்னது என்ன ஆயிற்று" என்று கேட்கவும் ஆள் இருந்தார்கள்.

உன் இரண்டாவது தோழியின் கேள்வியும் இதுதான். விடைபெறுவது பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற காரியம் இல்லையம்மா. அறுபது வருஷம் பாடிய தொண்டைக்கு அந்தப் பழக்கம் ஒரே நாளில் விட்டுப் போகுமா? நிறுத்துகிறேன் என்ற அன்று அவர் மனதில் இருந்ததும் உண்மை, மறுபடி பாட ஆசைப்பட்ட அன்று இருந்ததும் உண்மை. விருது, பட்டத்துக்காக வளைகிற மனுஷியும் இல்லை அவர். 2013இல் பத்மபூஷண் அறிவித்தபோது, காலம் கடந்து வருகிறது, தென்னாட்டுக் கலைஞர்களுக்கு உரிய மதிப்பில்லை என்று சொல்லி வேண்டாமென்றவர். ஆஸ்பர்னையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 1992இல் சொன்னதை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கடைசிக் கச்சேரியின் வருமானம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. பதினேழு நாளில் அவர் கண்ணை மூடினார். அதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மூன்றாவது தோழிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. வயதானால் குரல்நாண் தசை மெலியும். குரல்வளையின் குருத்தெலும்பு இறுகும். நுரையீரல் முன்போல் விரிந்து சுருங்காது, நீண்ட கார்வை நிற்காது. பெண் குரல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இளமையில் ஐந்து கட்டையில் பாடிய கர்நாடக இசைப் பாடகிகள் பிற்காலத்தில் நான்கு, மூன்றரை என்று சுருதியைக் குறைத்துக்கொள்வது இதனால்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பழைய பதிவில் கேட்டதை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். அதைச் சொல்லவும் ரசிகருக்கு உரிமை உண்டு, கை தட்டிவிட்டுப் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேடைக்கு வராதே என்று சொல்கிற உரிமை நமக்கு இல்லை. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தக் குரலுக்கு உடையவர். எம்.எஸ். சுப்புலட்சுமி 1997இல் கணவர் சதாசிவம் மறைந்ததும் கச்சேரி மேடையை விட்டே விலகிவிட்டார். அதையும் உலகம் ஏற்றுக்கொண்டதே.

நம் ஊர்க் காரைக்கால் அம்மையாரையே நினைத்துப் பார். அழகையும் இளமையையும் உதறிப் பேய் வடிவம் வாங்கிக்கொண்ட பிறகுதான் 'அற்புதத் திருவந்தாதி' பாடினார் என்கிறது பெரியபுராணம். தளர்ந்த உடம்பின் பாட்டை நாம் காது கொடுத்துக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

அழுத தோழியிடம் ஒரு குறையும் காணமாட்டேன். அவளிடமும் உன்னிடமும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஜானகிக்கு மைசூரு கிடைத்தது, ஆஸ்பர்னுக்கு அவர் பிறந்து வளர்ந்த ஊரின் கால்பந்து மைதானமே கிடைத்தது. நம் பக்கத்து நாதஸ்வர வித்துவான்களுக்கு அப்படி என்ன கிடைக்கிறது? முன்பல் ஆடத் தொடங்கினால் சீவாளியை உதடு கவ்வாது. மூச்சு குறைந்தால் ஆலாபனை சுருங்கும். ஒரு வருஷம் புறப்பாட்டுக்கு மகன் வருவார், அப்பா வரமாட்டார். அவ்வளவுதான். அறிவிப்பு இல்லை, கடைசிக் கச்சேரி இல்லை, ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் இல்லை. கல்யாண மண்டபத்தில் அவர் தோடியை விரிக்கும்போது நாம் பந்தியில் இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? பிட்சாடனர் வீதியுலாவில் மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்தைப் பிடிக்க எல்லாரும் முண்டியடிப்பார்கள். நீ மேளக்காரர்கள் பக்கம் போய் நில். வயதான வித்துவான் வாசித்தால் ஒரு ராகம் முடியும்வரை நகராதே. முடிந்ததும் கிட்டே போய், எந்த இடம் பிடித்தது என்று அவரிடமே சொல். தோழிகள் மூவரையும் கூட்டிக்கொண்டு வா, வீட்டில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியப்பா