பனி காணாத தீவும் பனியின் கைவண்ணமும்

லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்கு அருகில் பஃப்ளோ சாலை இருக்கிறது. காய்கறிக் கடைகளும் பூமாலைக் கடைகளும் நிறைந்த அந்தச் சாலையில் இன்று ஓர் எருமையையும் காண முடியாது. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் மாட்டு வணிகத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. இப்பகுதியின் பழைய மலாய்ப் பெயரான ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதன் பொருளே எருமைத் தொழுவம்தான். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் எருமைகளுக்குத் தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்தன.

இந்தத் தாழ்வான, ஈரமான நிலம் எப்படி உருவானது? அதன் கதை, பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பனி மூடிய நாடுகளில் தொடங்குகிறது.

மலையைக் குடைந்த பனி

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவையும் வட ஐரோப்பாவையும் மாபெரும் பனிவிரிப்புகள் மூடியிருந்தன. சில இடங்களில் அவற்றின் தடிமன் மூன்று கிலோமீட்டரை எட்டியது. பனி தன் எடையாலேயே அழுந்தி மெல்ல நகர்ந்தது. அதன் அடியில் சிக்கிய கற்கள், உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பதுபோல் பாறைகளைத் தேய்த்தன. ஆறு அரித்த பள்ளத்தாக்கின் அடிப்பகுதி பெரும்பாலும் குறுகலாக இருக்கும். பனி குடைந்த பள்ளத்தாக்கோ தொட்டியைப் போன்றது. அதன் அடி அகன்றும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கும்.

பூமி வெப்பமடைந்தபோது பனி உருகிப் பின்வாங்கியது. கடல்நீர் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்தது. மலைகளுக்கு நடுவே நீண்டு செல்லும் அத்தகைய கடற்பகுதியை ‘ஃபியோர்ட்’ என்பர். நார்வேயில் உள்ள சோக்னே ஃபியோர்ட் 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் ஆழம் ஏறத்தாழ 1,300 மீட்டர்.

தீவான குன்று

சிங்கப்பூரை எந்தப் பனிவிரிப்பும் மூடவில்லை. எனினும், வடக்கே பனியாக உறைந்திருந்த நீர் முழுவதும் கடலிலிருந்து வந்ததே. அதனால், அன்று கடல்மட்டம் இன்று இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. புக்கிட் தீமா அப்போது கடலிலிருந்து வெகுதொலைவில் நின்ற ஒரு குன்று.

பனி உருக உருகக் கடல் ஏறியது, தாழ்நிலங்கள் மூழ்கின, சிங்கப்பூர் தீவானது. காலாங், ரோச்சோர் ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் கடல்நீர் புகுந்து சேற்றைப் படியவைத்தது. சில இடங்களில் கடல்சார் களிமண் 30 மீட்டருக்கும் மேலான ஆழம் வரை காணப்படுகிறது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல் இன்றைய மட்டத்தையும் தாண்டி உயர்ந்து, பிறகு மெல்ல இறங்கியது. ஆற்றோரங்களில் சதுப்பு நிலம் எஞ்சியது.

மண் சொல்லும் சாட்சி

மரினா சவுத் பகுதியில் நிலத்தைத் துளையிட்டு எடுத்த 38.5 மீட்டர் நீள மண்படிவத்தை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 2021ஆம் ஆண்டு அதன் முடிவுகள் வெளியாயின. இன்றைய கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 20 மீட்டர் கீழே, சதுப்புநிலத் தாவரங்களின் மகரந்தத்தை அவர்கள் கண்டனர். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு சதுப்புநிலக் காடு இருந்துள்ளது. ஆனால், அது 300 ஆண்டுகளே நீடித்தது. கடல் ஆண்டுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை உயர்ந்ததே அது அழிந்ததற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இது பழங்கதை மட்டுமன்று. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என 2024இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அப்படி நேர்ந்தால், கடல் ஆண்டுக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரும். அன்று சதுப்புநிலக் காட்டை மூழ்கடித்த வேகமும் ஏறத்தாழ அதுதான்.

மரங்களால் அணை கட்ட முடியவில்லை, மனிதர்களால் முடியும். ரோச்சோரின் நீர் இன்று மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கிறது. ஆனால், தாழ்வான கடற்கரை அங்கு மட்டும் இல்லை. தீவின் மற்றக் கரைகளையும் காக்க இப்போதே திட்டமிட வேண்டியுள்ளது.

அருஞ்சொற்பொருள்
பனிவிரிப்பு – பரந்த நிலத்தை மூடியிருக்கும் தடித்த பனிப்படலம்
மண்படிவம் – அடுக்கடுக்காகப் படிந்த மண்

சிந்தித்து விடை எழுதுக
1. ஆறு அரித்த பள்ளத்தாக்கிற்கும் பனி குடைந்த பள்ளத்தாக்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சிங்கப்பூர் தீவானதற்குப் பனி எவ்வாறு காரணமாயிற்று?
3. மரினா சவுத் சதுப்புநிலக் காட்டின் அழிவு இன்றைய சிங்கப்பூரர்களுக்கு உணர்த்துவது என்ன? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.