தொடுதிரை மேசைக் கணினி: எந்த வகுப்புக்கு, எந்த வேலைக்கு?

திரையும் கணினியும் ஒரே பெட்டியாக அமைந்த தொடுதிரை மேசைக் கணினிகள் இப்போது நன்கொடையாகப் பள்ளிகளுக்கு வருகின்றன. திருப்பனந்தாள் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியிலும் முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த ஒன்று உள்ளது. "நாங்களும் கேட்டு வாங்கலாமா?" என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். என் பதில், எந்த வகுப்புக்கு என்பதைப் பொறுத்தது.

முதல் வகுப்புக் குழந்தைக்கு மவுஸ் ஒரு புதிர். கை மேசையில் நகர்கிறது, அம்புக்குறி வேறெங்கோ ஓடுகிறது. தொடுதிரையில் இந்தச் சிக்கல் இல்லை. வேண்டிய படத்தையே விரலால் தொடலாம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் மொட்டு, மலர் நிலைக் குழந்தைகளோடு நான் இருக்கும்போது, அரும்பு நிலையில் நால்வர் தாங்களாகவே படமும் சொல்லும் பொருத்துகிறார்கள். வழக்கமான விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள்தாம் அச்சாகியிருக்கும். திரையில் தமிழ் 99 விசைப்பலகையை வரவழைத்தால் எழுத்தைக் கண்ணால் பார்த்தே தொடலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தம் பெயரைத் தட்டச்சு செய்ய இதுவே போதும்.

எழுதிப் பழக மட்டும் இதை நான் நம்புவதில்லை. 'அ'வைக் கீழிருந்து தொடங்கினாலும் முடிந்த வடிவம் சரியாகவே தெரியும்; ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் தவறு பிடிபடும். கண்ணாடி வழுக்கும். நெல்லில் எழுதும்போது விரல் உணரும் சொரசொரப்பு அதில் இல்லை. திரையில் அழகாக எழுதும் சிலருக்குப் பென்சில் பிடிக்க இன்னும் வரவில்லை.

இதை ஸ்மார்ட் போர்டுக்கு மாற்றாக வைப்பதும் பயன் தராது. இவ்வகைத் திரைகள் பெரும்பாலும் 22 முதல் 24 அங்குலம்தான். கடைசி வரிசைக்கு எழுத்து தெரியாது. நிமிர்ந்து நிற்கும் திரையை நெடுநேரம் தொட்டால் தோள் வலிக்கும். மேசைக் கணினிக்குத் தொடுதிரை ஏன் கூடாது என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010இல் சொன்ன காரணமும் இதுதான். நாங்கள் தாழ்வான பெஞ்சில் வைத்து, திரையைப் பின்னால் சாய்த்திருக்கிறோம். பாயில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிறது.

தூசியும் கவனிக்க வேண்டியது. 1983இல் வந்த ஹெச்.பி.-150 என்ற தொடுதிரைக் கணினியில், திரையின் விளிம்பைச் சுற்றியிருந்த துளைகள் வழியே அகச்சிவப்புக் கதிர்கள் பாயும். விரல் குறுக்கிட்டால் இடம் தெரியும். அந்தத் துளைகளில் தூசி அடைவது அதன் தீராத தொல்லை. இன்றைய சிறு திரைகள் பெரும்பாலும் விரலின் மின்னூட்டத்தை உணர்பவை. தூசியைவிட ஈரமே இவற்றைக் குழப்பும். மதிய உணவுக்குப் பின் கைகழுவி வரும் பிள்ளைகள் துடைத்துவிட்டுத் தொட்டால், தானாகவே பக்கம் மாறும் கூத்து குறையும். ஆனால் குறுவை அறுவடையின்போது பறக்கும் தூசியும் சாக்பீஸ் தூளும் பின்புறக் காற்றுத்துளைகளை அடைத்துவிடும், கணினி சூடாகும். மாலையில் துணி போட்டு மூடுவது அவசியம். ஓடும்போது மூடக் கூடாது.

பெரிய குறை பழுதில்தான். ஓர் ஐப்பசி இடிமழைக்குப் பிறகு எங்கள் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. திரை நன்றாகவே இருந்தது, ஆனால் பழைய சிபியுவில் அதை இணைக்க வழியில்லை. உள்ளீட்டு இணைப்பே அதில் கிடையாது. கும்பகோணத்துக்குப் போய்த் திரும்பிவர ஆறு வாரம் ஆயிற்று. தனித்தனிப் பாகங்களாக இருந்தால் பழுதானதை மட்டும் மாற்றிவிட்டு மறுநாளே வகுப்பு நடத்தியிருக்கலாம். மடிக்கணினிபோல இதில் பேட்டரியும் இல்லை. மின்சாரம் நின்ற கணமே அணைந்துவிடும்.

உயர்நிலைப் பள்ளிக்கு ஒரே ஒரு கருவிதான் கிடைக்கும் என்றால் மடிக்கணினியும் புரொஜெக்டரும் கேளுங்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு இதைத் தயங்காமல் கேட்கலாம். நன்கொடையாளரிடம் கணினியோடு யுபிஎஸ், பள்ளிக்கே வந்து பழுது பார்க்கும் மூன்றாண்டு உத்தரவாதம், சாய்க்கக்கூடிய தாங்கி, திரையைத் தனியாகப் பயன்படுத்த ஹெச்டிஎம்ஐ உள்ளீடு ஆகியவற்றையும் கேளுங்கள். பில்லின் நகலையும் அன்றே வாங்கி இருப்புப் பதிவேட்டோடு வையுங்கள். உத்தரவாதம் கேட்கும் நாளில் முதலில் கேட்பது அதைத்தான்.