அரிசிக்குள் ஒரு வாழ்க்கைச் சுழற்சி

வண்ணத்துப்பூச்சியின் 4 பருவங்களையும் மாணவர்கள் எளிதில் வரைந்துவிடுவார்கள். அரிசியில் ஊரும் வண்டின் புழு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள். கூன்வண்டின் இளம்பருவம் முழுவதும் தானியத்துக்குள்ளேயே கழிகிறது.

பெண் வண்டு நீண்ட மூக்கின் நுனியிலுள்ள வாயால் மணியைக் குடைந்து, ஒரு முட்டையிட்டு, பசையால் மூடிவிடும். காலற்ற வெண்புழு உள்ளிருந்து மாவுப்பகுதியைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி, துளைத்து வெளிவரும். பிறகும் தானியத்தையே உண்ணும்.

செயல்பாடு: வண்டு விழுந்த அரிசியைச் சலித்து, வண்டுகளை அகற்றி, துணியால் வாய்கட்டிய கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். வாரந்தோறும் எண்ணச் சொல்லுங்கள். மீண்டும் வண்டுகள் தோன்றினால், "அரிசியிலிருந்து தானாக வந்தன" என்பார்கள். மறுக்க வேண்டாம், நீரில் மிதக்கும் மணிகளைப் பிளந்து, கைலென்சால் பார்க்கச் சொல்லுங்கள். சலிப்பது மட்டும் ஏன் போதாது என்பதை அவர்களே விளக்குவார்கள்.