காக்கிக்கு எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "போலீஸ்தான் ஆகணும்" என்று சொன்னதும், பெற்றோரின் கண் கல்லூரி விளம்பரங்களில் 'குற்றவியல் மற்றும் காவல் நிர்வாகம்' என்ற பெயரில் போய் நிற்கிறது. காவல் என்று பெயரிலேயே இருப்பதால், படித்து முடித்தால் எஸ்.ஐ. வேலை உறுதி என்று நம்பி, கடன் வாங்கியாவது தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பும் எஸ்.ஐ.க்கு ஏதாவது ஒரு பட்டமும்தான் கேட்கிறது. குரூப் 1 வழியாக டி.எஸ்.பி. ஆவதற்கும், யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.பி.எஸ். ஆவதற்கும் அப்படித்தான். தமிழ் இலக்கியம் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

காவலர், எஸ்.ஐ. வரிசையில் தள்ளிவிடுபவை வேறு. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். உயரம் பொதுப்பிரிவு, பி.சி., எம்.பி.சி. ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. ஆண்களுக்கு 167; பெண்களுக்கு முறையே 159, 157. அதன் பிறகு ஓட்டம், ஆண்களுக்குக் கயிறு ஏறுதல். ஆகவே எந்தப் படிப்பு என்று யோசிப்பதற்கு முன் பிள்ளையைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். மூன்று வருடம் படித்து, எழுத்துத் தேர்விலும் தேறிய பிறகு மைதானத்தில் ஒரு சென்டிமீட்டருக்காக வெளியே வருவது பெரிய வேதனை.

சட்டமும் புலனாய்வும் கவாத்தும் எஸ்.ஐ.யாகத் தேர்வான பிறகு வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில் அடிப்படையிலிருந்து சொல்லித்தருகிறார்கள். காக்கிதான் குறி என்றால் என் தீர்ப்பு இது: பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பிடித்த பாடத்தில் சேருங்கள். கட்டணம் குறைவு, மாலையில் மைதானத்துக்குப் போக நேரமும் கிடைக்கும். என்.சி.சி.யில் சேர்ந்துவிடுங்கள், எஸ்.ஐ. தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. விரல்ரேகைப் பிரிவு எஸ்.ஐ.க்கு அறிவியல் பட்டம் கேட்பதால், விருப்பம் இருந்தால் பி.எஸ்சி. எடுப்பது கூடுதல் வாசல். குடும்பச் சூழல் அவசரம் என்றால் காவலராகவே சேர்ந்து அஞ்சல் வழியில் பட்டம் முடிக்கலாம். எஸ்.ஐ. இடங்களில் 20 சதவீதம் துறையில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

அப்படியானால் குற்றவியல் யாருக்கு? ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், சிறை அவரை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு யார் துணை என்ற கேள்விகள் மனதைக் குடைபவர்களுக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகள் உண்டு. பாதிக்கப்பட்டோரியலை இந்தியாவில் வளர்த்த கு. சொக்கலிங்கம் இவ்விரு இடங்களோடும் தொடர்புடையவர். நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனம், ஆராய்ச்சி என்று வேலைகள் இருக்கின்றன. ஆனால் இடங்கள் கொஞ்சம், பல ஒப்பந்தப் பணி. முதுநிலை வரை போகும் பொறுமை இருந்தால் மட்டும் எடுங்கள். பட்டத்தின் பெயர் சற்று மாறினாலும் டி.என்.பி.எஸ்.சி. இணைத்தன்மை அரசாணை கேட்கும் என்பதால் அதைச் சேரும்போதே விசாரியுங்கள்.

தடய அறிவியலுக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணி, கம்பித் துண்டுகளை வைத்தே இடுப்புவார் வெடிகுண்டின் அமைப்பை மறு உருவாக்கம் செய்து காட்டினார் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பி. சந்திரசேகரன். இந்த வேலையின் பெருமை அதுதான். அன்றாடம் என்னவோ பொறுமையைச் சோதிக்கும். ரத்தக் கறை படிந்த சட்டையை நிழலில் உலர்த்தி, பாலிதீனில் போடாமல் காகித உறையில் வைத்து, அரக்கு முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுத வேண்டும். ஈரத்தோடு பாலிதீனில் அடைத்தால் பூஞ்சை பிடித்துச் சாட்சியமே அழிந்துவிடும். பி.எஸ்சி.யில் வேதியியல் அல்லது உயிரியலை அழுத்தமாகப் படித்துவிட்டு எம்.எஸ்சி.யில் தடய அறிவியலுக்குப் போவதையே நான் சொல்வேன். ஆய்வக வேலைகளுக்குப் பெரும்பாலும் முதுநிலை கேட்கிறார்கள். அது அமையாவிட்டாலும் வேதியியல் வேறு வேலை தரும்.

எல்லாவற்றிலும் அகலமான பாதை சட்டம். மகஜரில் ஒரு கையெழுத்து இல்லை, பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 தாமதமாகப் போனது என்று கொலை வழக்குகூட ஆட்டம் காணும். அந்த ஓட்டையைப் பார்க்கும் கண் வக்கீலுக்குத்தான் வாய்க்கும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பும் ஒரு பட்டம் என்பதால் எஸ்.ஐ., குரூப் 1, யு.பி.எஸ்.சி. மூன்றுக்கும் செல்லும். ஆனால் காத்திருக்க வேண்டும். அரசு உதவி வழக்கறிஞர் ஆவதற்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். உரிமையியல் நீதிபதி தேர்வுக்கும் மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடக்க வருடங்களில் ஜூனியர் வக்கீலின் வருமானம் பஸ் செலவுக்குக்கூடப் போதாமல் இருக்கும். வீடு அதைத் தாங்குமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டும் முன், தேர்வு வாரியத்தின் கடைசி அறிவிக்கையைத் தரவிறக்கி, கல்வித் தகுதி, வயது, உடல் அளவு என்ற மூன்று பகுதிகளையும் பிள்ளையோடு சேர்ந்து வரி விடாமல் படித்துவிடுங்கள்.